முள் இல்லாத மீற்றர்

தையல் மெஷினைத் துணியால் போர்த்தி வைத்திருக்கும் வீட்டைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். தூசு படாமல் பொருளைப் பேணுகிறார்கள், வேலை ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் துணிக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள எனக்கு ஏழு வருடம் எடுத்தது.

சகோதரிகளே, நான் திருகோணமலையில் ஒரு பெண்கள் அமைப்பில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்பவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி வழங்குவதும், வழங்கியதைப் போய்ப் பார்ப்பதும் என்னுடைய வேலை. போய்ப் பார்க்கும்போது கையில் ஒரு படிவம் இருக்கும். ‘பொருள் வழங்கப்பட்டதா?’ என்று அதில் ஒரு கேள்வி. ‘பொருள் பயனாளியிடம் உள்ளதா?’ என்று இன்னொன்று. இரண்டுக்கும் ‘ஆம்’ என்று கோடு போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். ‘பொருள் ஓடுகிறதா?’ என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.

2024ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் மூதூர்ப் பக்கம் ஒரு அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் 2007இல் காணாமல் போனவர். இரண்டு பிள்ளைகள். மோட்டர் பூட்டிய தையல் மெஷின் ஒன்று நாங்கள் கொடுத்திருந்தோம். அது மூலையில் பூப்போட்ட சீலைத்துண்டு போர்த்தியபடி இருந்தது. அன்று என்னவோ துணியைத் தூக்கிப் பார்த்தேன். மெஷினுக்கு மேல் அரிசிச் சுளகு கவிழ்த்து வைத்திருந்தது.

“ஓடயில்லையா அக்கா?”

“மூணு மாசமா இல்ல மிஸ். மோட்டர் எரிஞ்சு போச்சாம். புது மோட்டருக்கு ஒன்பதாயிரத்து ஐநூறு கேட்டார்.”

“எரிஞ்சதெண்டு எப்பிடித் தெரியும்? கழட்டிப் பாத்தாரா?”

“மணந்து பாத்தார் மிஸ்.”

இருவரும் சிரித்தோம். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்கா மெக்கானிக் சொன்னதை நம்பினார். நான் அக்கா சொன்னதை நம்பினேன். மோட்டர் உண்மையிலேயே எரிந்ததா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அடுத்த மாதம் மற்ற வீடுகளுக்குப் போனபோது எல்லாத் துணிகளையும் தூக்கிப் பார்த்தேன். பதினொரு மெஷினில் நான்கு ஓடவில்லை. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்று சொல்லியிருந்தார்.

இதை நான் அலுவலகத்தில் கதைத்தபோது, ‘அப்படியானால் திருத்தும் செலவுக்கு ஒரு திட்டம் எழுதுவோம்’ என்றார்கள். அதுவும் தேவைதான். ஆனால் என்ன பழுது என்று தெரியாமல் எவ்வளவு காசு என்று எப்படி எழுதுவது?

மத்திய வீதிப் பக்கம் உள்ள ஒரு மின்சாதனக் கடைக்கு ஒரு சனிக்கிழமை போனேன். அதுவரை அப்படியான கடையில் நான் பல்ப் தவிர வேறு எதுவும் வாங்கியதில்லை. கடை நிறைய ஆண்கள். வள்ளக்காரர்கள், வயறிங் செய்யும் பொடியன்கள், முச்சக்கரவண்டிக்காரர்கள். தமிழ், சிங்களம் இரண்டும் ஒரே மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி நானா என்னைப் பார்த்து, “என்ன தங்கச்சி, அயன் கொயிலா?” என்று கேட்டார்.

“மல்ரிமீற்றர் ஒண்டு வேணும் நானா. டிஜிற்றல்.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

நானா ஒரு கணம் நிதானித்துவிட்டு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மஞ்சள் நிறம், உள்ளங்கையில் அடங்கும், ஆயிரத்து எண்ணூறு ரூபா. மற்றது தடித்த இறப்பர் உறை போட்டது, விலை அதைப்போல நான்கு மடங்கு. சின்னதை எடுத்தேன். ஆனால் நானா ஒரு நல்ல காரியம் செய்தார். அதே விலையில் இருந்த இரண்டு மஞ்சள் மீற்றர்களில் ‘பீப்’ சத்தம் போடுவதைத் தெரிந்து தந்தார். “சத்தம் போடுறத எடுங்க, கண் வயரில இருக்கலாம், காது மீற்றரில இருக்கலாம்” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி. நீங்கள் வாங்கப் போனால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் நடந்த ஒன்றை எழுதாமல் விட முடியாது. பஸ்ஸில் ஏறி இருந்தபின்தான் கவனித்தேன், மீற்றரையும் அதன் சிவப்பு, கறுப்பு வயர்களையும் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே, துவாயால் சுற்றி, பையின் அடியில் வைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது. வயர், பற்றரி, மீற்றர் இவற்றோடு ஒரு தமிழ்ப் பெண் சோதனைச்சாவடியில் நிற்க முடியாத காலம் ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியும். 1990களில் வடக்கே ரோச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்; யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டார்கள். போர் முடிந்தது 2009 மே மாதம். என் கைக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. உட்துறைமுகக் கரையைத் தாண்டும்போது மீற்றரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா அதைப் பார்த்துவிட்டு, சீனி வருத்தம் பார்க்கும் கருவியா என்று கேட்டார்.

அம்மா பார்த்ததும் முதலில் பயந்தார். “இதென்னத்துக்குப் பிள்ள உனக்கு?” பிறகு கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இதில முள்ளைக் காணயில்லையே.”

எங்கள் ஊர் சம்பூர். அப்பா றேடியோ திருத்துபவர். அவரிடம் ஒரு முள் மீற்றர் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய முள் ஒன்று துடித்துக்கொண்டு நிற்கும். அதைத் தொடப் பெண்பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. தம்பி தொடலாம். 2006 சித்திரையில் குண்டு விழத் தொடங்கியபோது நாங்கள் எடுத்துக்கொண்டு ஓடிய பொருட்களில் அந்த மீற்றர் இல்லை. வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டி முகாம். அப்பா அந்த முகாமிலேயே 2011இல் காலமானார். 2016இல் காணிக்குத் திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல்லும் இல்லை. அம்மா மீற்றரைத் திருப்பித் தந்துவிட்டு, “முள் இல்லாட்டி என்னண்டு பாக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

என்னண்டு பார்ப்பது என்று எனக்கும் தெரியாது. உள்ளே இருந்த கடுதாசி பொடி எழுத்தில் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருந்தது. நானே படித்துக்கொள்ளலாம் என்று துணிந்து, அறையில் இருந்த ஒரு பழைய மோட்டார்சைக்கிள் பற்றரியில் இரண்டு முனையையும் வைத்தேன். சின்னப் பொறி ஒன்று. அதன்பிறகு குமிழை எங்கே திருப்பினாலும் சில அளவுகள் வரவேயில்லை. வாங்கி இரண்டு மணித்தியாலத்தில் மீற்றரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கொல்லவில்லை. உவர்மலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பல வருடம் தொழில்நுட்பப் பாடம் கற்பித்தவர். அவரிடம் கொண்டுபோனேன். பின்பக்க ஆணிகளைக் கழற்றி, உள்ளே நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாய் ஒன்றைக் காட்டினார். அதுதான் பியூஸ். கருகியிருந்தது. “பிள்ளை குமிழை அம்பியரில் வைத்துக்கொண்டு பற்றரியைத் தொட்டிருக்கிறீர்” என்றார். பியூஸ் நாற்பது ரூபாதான். ஆனால் அந்த நாற்பது ரூபாவில் படித்ததை நான் மறக்கவில்லை.

சேர் விளக்கிய விதத்தை உங்களுக்கும் சொல்கிறேன். கூரைக்கு மேல் உள்ள தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ற். குழாயால் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது அம்பியர். குழாய் எவ்வளவு ஒடுக்கம் என்பது ஓம். உயரத்தை வெளியில் நின்று அளக்கலாம், குழாயைத் தொடத் தேவையில்லை. ஆகவே வோல்ற் பார்க்கும்போது இரண்டு முனையையும் பற்றரியின் இரண்டு பக்கமும் சும்மா வைக்கலாம். ஓடும் தண்ணீரை அளப்பதென்றால் குழாயை வெட்டி நடுவில் மீற்றரைப் பூட்ட வேண்டும். ஆகவே அம்பியரில் வைத்துக்கொண்டு பற்றரியின் இரு பக்கத்தையும் தொட்டால், மீற்றரே ஒரு பெரிய குழாயாகி எல்லாத் தண்ணீரும் அதற்குள்ளால் பாயும். நான் செய்தது அதுதான். பற்றரி என்பதால் பொறியோடு போனது. சுவரில் உள்ள 230 வோல்ற் துளையில் இதைச் செய்திருந்தால் மீற்றர் கையிலேயே வெடித்திருக்கக்கூடும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவருடைய விறாந்தையில் படித்தேன். மீற்றரில் மூன்று துளைகள். கறுப்பு வயர் எப்போதும் ‘கொம்’ என்று எழுதிய துளையில். அதை மாற்றவே தேவையில்லை. சிவப்பு வயர் நடுத்துளையில். மூன்றாவது துளை பத்து அம்பியருக்குரியது, அதற்கு எங்கள் விலை மீற்றரில் பியூஸே இல்லை. சேர் அந்தத் துளையில் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிட்டார். “இது உங்களுக்கு ஒரு வருசத்துக்குத் தேவையில்லை” என்றார். இன்றுவரை நான் அதை உரிக்கவில்லை.

குமிழைச் சுற்றி எழுத்துகள். நேர்கோடு போட்டிருப்பது பற்றரி, சோலர் போன்ற நேரோட்டம். நெளிகோடு போட்டிருப்பது வீட்டுக்கு வரும் ஆடலோட்டம். குதிரை லாடம் போன்ற குறி ஓம். ஒவ்வொன்றிலும் பல அளவுகள் உண்டு. அளக்கப்போவதைவிடப் பெரிய எண்ணில்தான் தொடங்க வேண்டும். 12 வோல்ற் பற்றரிக்கு 20இல். வீட்டு மின்சாரத்துக்கு நெளிகோட்டில் உள்ள ஆகப் பெரிய எண்ணில். ஓம் பார்க்கும்போதும் ‘பீப்’ பார்க்கும்போதும் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றியிருக்க வேண்டும். கண்ணாடியின் இடப்பக்கம் ‘1’ என்று ஒற்றை எண் மட்டும் நின்றால் அது ஒன்று என்று அர்த்தமில்லை. ‘என் அளவுக்கு மேலே’ அல்லது ‘வழி அறுந்திருக்கிறது’ என்று அர்த்தம். நான் முதல் நாள் முழுக்க அதை ஒரு ஓம் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்.

படிக்கும்போது சேர் தன்னுடைய காலத்து மீற்றர் பற்றியும் சொன்னார். இங்கிலாந்தில் தபால் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த டொனால்ட் மெக்கடி என்பவர், தொலைபேசிக் கம்பிகளைப் பார்ப்பதற்கு வோல்ற்றுக்கு ஒன்று, அம்பியருக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று பல கருவிகளைச் சுமந்து திரிந்து சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தாராம். அது 1923இல் விற்பனைக்கு வந்தது. அம்பியர், வோல்ற், ஓம் என்ற மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்து ‘அவோ மீற்றர்’ என்று பெயர். அப்பாவின் முள் மீற்றரும் அந்தப் பரம்பரைதான். முள்ளுக்குப் பதிலாக எண் காட்டும் வோல்ற்மானி 1950களில் அமெரிக்காவில் அன்ட்ரூ கே என்பவரின் கம்பனியில் வந்தது. அன்றைக்கு அது மேசையில் வைக்கும் பெரிய பெட்டி. இன்றைக்கு ஒரு கிலோ மீனின் விலைக்குப் பையில் போட்டுக்கொண்டு போகிறோம்.

கார்த்திகை மாதம் மூதூர் அக்காவின் வீட்டுக்குத் திரும்பப் போனேன். புதுவருடப் பாடசாலைச் சீருடை தைக்கும் காலம் அது. ஒரு வருடத்தில் அவர்கள் கையில் காசு பார்க்கும் ஒரே பருவம். பிளக்கைக் கழற்றினோம். மோட்டரின் இரண்டு முனையிலும் ஓம் பார்த்தேன். எண்பத்தேழு. ‘1’ இல்லை! உள்ளே சுற்றியிருக்கும் கம்பி அறவில்லை. அப்படியானால் பழுது வேறெங்கோ. கால் பெடலின் அடிப்பக்க ஆணிகளைக் கழற்றி, வயரின் ஒவ்வொரு கம்பியையும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பிடித்துப் பார்த்தோம். ஒரு கம்பி ‘பீப்’ என்றது. மற்றது பேசவில்லை. அக்காவின் மகள் வயரைக் கழுத்தடியில் இப்படியும் அப்படியும் வளைக்க, ஒரு இடத்தில் ‘பி..பி..’ என்று விட்டு விட்டுச் சத்தம் வந்தது. நானா சொன்னபடி கண் வயரில், காது மீற்றரில்.

பெடலைக் காலால் இழுத்து இழுத்து, வெளித்தோல் அப்படியே இருக்க உள்ளே செம்பு அறுந்திருந்தது. அரைச் சாண் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் திரும்பப் பூட்டினோம். ரேப்புக்கு மட்டும்தான் செலவு. அக்கா பெடலை மிதித்ததும் மெஷின் ஓடியது. அவர் சந்தோஷப்பட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காலை எடுத்துவிட்டு, “அஞ்சு மாசம்” என்றார். பிறகு, “ஒன்பதாயிரத்துக்கு நகை அடகு வைக்கப் பாத்தேன் மிஸ்” என்றார். பிறகு மிதித்துக்கொண்டேயிருந்தார்.

மெக்கானிக் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவரிடமும் மீற்றர் இருந்திருக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது ஆண்களுக்குக் கொஞ்சம் கடினம், அவ்வளவுதான்.

இந்த ஒரு வெற்றியால் எனக்குத் தலை வீங்கியது. அதனால் வந்த கெடுதியையும் எழுதத்தான் வேண்டும்.

‘மிஸ்ஸிட்ட மீற்றர் இருக்கு’ என்ற கதை ஊருக்கு ஊர் போனது. 2025 தை மாதம் ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு அக்கா, கச்சான் தோட்டம் செய்பவர், தன்னுடைய சோலர் பற்றரியைப் பார்க்கச் சொன்னார். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற காலத்தில் வாங்கியது. அந்த நேரம் எத்தனையோ பேர் கடன்பட்டு வாங்கிய பற்றரிகள் இப்போதுதான் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இரவில் காவல் குடிலில் வெளிச்சம் போடுவதற்கு இந்தப் பற்றரிதான். வெளிச்சம் குறைகிறது, புதிது வாங்கவா என்று கேட்டார். நான் அளந்தேன். 12.5. ஓய்வில் இருக்கும் நல்ல ஈயப் பற்றரி 12.6, 12.7 காட்டும் என்று படித்திருந்தேன். “நல்லாத்தான் இருக்கு, காசை வீணாக்க வேண்டாம்” என்றேன்.

மூன்றாம் நாள் இரவு அரை மணித்தியாலத்தில் வெளிச்சம் நின்றுவிட்டது. யானை இரண்டு வந்தன. அக்கா குடிலிலிருந்து இறங்கி இருட்டுக்குள் ஓடித் தப்பினார். தோட்டத்தில் பாதி போய்விட்டது. நான் கேள்விப்பட்டுப் போனபோது அவர், “பரவாயில்ல மிஸ், போன வருசமும் வந்ததுதானே” என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு முச்சக்கரவண்டியின் முன்விளக்குப் பல்ப்பில் இரண்டு வயர் பூட்டித் தந்தார். மீற்றர் தன் பாட்டில் பற்றரியிலிருந்து எடுக்கும் மின் ஒன்றுமேயில்லை என்று சொல்லுமளவுக்குச் சொற்பம். சும்மா நிற்கும் நோயாளியின் நாடியைப் பார்த்துவிட்டு, நெல்மூட்டை தூக்கலாம் என்று சொன்னதுபோல நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பல்ப்பைப் பூட்டி எரியவிட்டு, எரியும்போதே திரும்ப அளந்தோம். 12.5 என்று நின்ற பற்றரி ஒரு நிமிடத்துக்குள் 9.1க்கு இறங்கியது. அது செத்த பற்றரி. நல்ல பற்றரி என்றால் சற்றுக் கீழே வந்து 12ஐ ஒட்டி நிற்கும். அதோடு, சார்ஜ் ஏற்றிய கையோடு அளக்கக்கூடாது; மூன்று நான்கு மணித்தியாலம் ஓய விட்டுத்தான் அளக்க வேண்டும். அதையும் நான் செய்திருக்கவில்லை.

புதுப் பற்றரிக்குப் பாதிக் காசு நான் கொடுத்தேன். அலுவலகத்துக்கு இதுவரை சொல்லவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அதற்குப் பிறகுதான் தனியே நான் மட்டும் மீற்றரோடு திரிவது சரியில்லை என்று முடிவெடுத்தேன். மூதூர்ச் சேமிப்புக் குழுவில் பத்துப் பேரைச் சேர்த்து, சேரைக் கூட்டிக்கொண்டு வந்து படிப்பித்தோம். இரண்டாவது வகுப்பு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. சுவர்த்துளையில் 230 வோல்ற் எப்படிப் பார்ப்பது என்று அன்றைக்குத்தான் பாடம். முற்பகலில் மின்சாரம் நின்றது. எங்கள் ஊரில் மட்டும் என்று இருந்தோம். முழு இலங்கையும் இருட்டு. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் என்று பிறகு சொன்னார்கள். “சேர், ஒரு குரங்குக்கு இவ்வளவு செய்யலாமெண்டா எங்களால ஏலாதா?” என்று ஒரு ராத்தா கேட்டார். அன்று முழுவதும் ரோச் பற்றரியிலேயே பழகினோம். புது ரோச் பற்றரி 1.5க்குச் சற்று மேலே காட்டும். 1.2க்குக் கீழே போனதை ரோச்சிலிருந்து எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போடலாம், இன்னும் சில கிழமை ஓடும். வீட்டில் உள்ள பழைய பற்றரிகளையெல்லாம் அவர்கள் அடுத்த வகுப்புக்கு அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

படித்தவர்கள்தான் இதைச் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலம் திலோனியாவில் 1972இல் பங்கர் ரோய் தொடங்கிய ‘பெயார்புட்’ கல்லூரியில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள்கூட, ஆறு மாதம் இருந்து சோலர் விளக்குப் பூட்டவும் திருத்தவும் பழகுகிறார்கள். ஆபிரிக்காவிலிருந்தும் வருகிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நிறத்தையும் கையசைவையும் வைத்தே படிப்பிக்கிறார்கள். எங்கள் குழுவிலும் ஐந்தாம் வகுப்போடு நின்ற அக்கா ஒருவர்தான் ஆக விரைவாகப் பிடித்துக்கொண்டார். தடை, மின்னோட்டம் என்ற சொற்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. ‘கத்துது’, ‘கத்தயில்ல’ அவ்வளவுதான்.

சோலர் பலகைகளில் இந்த அக்காமார் கண்டுபிடித்த பழுதுகளில் அரைவாசிக்கு மேல் உப்புக்காற்றால் வந்தவை. வெயிலில் பலகையின் முனையில் 20 வோல்ற் வரும், ஆனால் பற்றரிக்கு வந்து சேராது. வழியில் எங்காவது ஒரு முடிச்சில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். சுரண்டித் துடைத்து இறுக்கிக் கட்டி, கொஞ்சம் கிறீஸ் பூசினால் சரி. கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும். எங்கள் சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரும் என்று சொல்லி 2016இல் கைவிட்டார்கள். பிறகு அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் கொழும்பில் இருந்தபடியே வேலையைத் தொடக்கி வைத்தார்கள். அதில் எங்கள் பெண்களுக்கும் கூட்டித் துடைக்கிற வேலையைவிட வேறு வேலை கிடைக்குமா என்று நான் கேட்டுக்கொண்டேயிருக்கிறேன்.

ஒரு வீட்டுக் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. போன வருடம் ஆவணியில், குழுவில் உள்ள ஒருவரின் பதினொரு வயது மகள், கிணற்று மோட்டரைத் தொட்டால் ‘கூசுது’ என்று சொன்னாள். வீட்டார், ‘செருப்புப் போட்டுக்கொண்டு தொடு’ என்றார்களாம். பயிற்சிக்கு வந்த அந்தத் தாய் மீற்றரை எடுத்துக்கொண்டு போய், பிளக்கைக் கழற்றி, பிளக்கின் ஒவ்வொரு கம்பத்துக்கும் மோட்டரின் இரும்பு உடம்புக்கும் இடையில் ஓம் பார்த்தார். ஏர்த் கம்பத்தைத் தவிர மற்ற இரண்டிலும் ‘1’ என்றுதான் நிற்க வேண்டும். ஒன்றில் எண் வந்தது. உள்ளே மின்சாரம் இரும்போடு பேசிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டார். பிளக்கில் ஏர்த் வயர் வெட்டி ரேப் சுற்றியிருந்தது. ரிப் சுவிச்சுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். ‘அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது, அதனால் தம்பி ஒருவர் அதை விட்டு நேரடியாகப் பூட்டித் தந்தார்’ என்றார்கள்.

சகோதரிகளே, ரிப் சுவிச் விழுவது அதன் பழுது அல்ல. ஒரு அம்பியரை ஆயிரமாகப் பிரித்து அதில் முப்பது பங்கு தவறான வழியில் போனாலே, வீடுகளில் பூட்டும் ரிப் சுவிச் விழ வேண்டும். அதற்காகத்தான் அது இருக்கிறது. அந்தப் பிள்ளை ஈரக் காலோடு மோட்டரைக் கட்டிப் பிடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத் தாய் அப்போதுதான் விளங்கிக்கொண்டார். கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். மோட்டரைக் கழற்றி ஒதுக்கி, அனுமதிப்பத்திரம் உள்ள மின்னிணைப்பாளரைக் கூப்பிடும்வரை பத்து நாள் வாளியால் அள்ளினார்கள்.

இதில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. எங்கள் மீற்றர் ‘1’ காட்டினாலும் மோட்டர் பாதுகாப்பு என்று முடிவு கட்டக்கூடாது. இது ஒரு சின்னப் பற்றரியின் பலத்தோடு பார்க்கிறது. 230 வோல்ற் வரும்போது மட்டும் கசியும் பழுதுகளை இதனால் காண முடியாது. அதற்கு வேறு கருவி உண்டு, அது மின்னிணைப்பாளரிடம் இருக்கும். எண் வந்தால் ஆபத்து நிச்சயம்; வராவிட்டால் நிச்சயம் எதுவுமில்லை. கூசுகிறது என்று பிள்ளை சொன்னால், மீற்றர் என்ன சொன்னாலும் பிள்ளை சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

சுவர்த்துளையை அளக்கும்போது நாங்கள் செய்வது இது: கால் காய்ந்திருக்க வேண்டும், செருப்புப் போட்டிருக்க வேண்டும், விரல் முனைக்கம்பியின் விளிம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். முதலில் மின்சாரம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு துளையில் மீற்றரைப் பார்ப்போம். பிறகு சந்தேகமான துளையை. பிறகு திரும்ப முதல் துளையை. மீற்றர் இடையில் ஊமையாகிவிட்டால் ‘மின்சாரம் இல்லை’ என்று நம்பிக் கை வைத்துவிடக்கூடாது அல்லவா? மெயின் பெட்டியைத் திறப்பதில்லை. வயரின் தோல் வெடித்தால் ரேப் சுற்றாமல் புது வயர் வாங்குகிறோம். மீற்றரின் சொந்தப் பற்றரி இறங்கினால் அது கூடுதலாகக் காட்டிப் பொய் சொல்லும். கண்ணாடியில் பற்றரிப் படம் வந்தால் அன்றைக்கு அளவு இல்லை.

இப்போது குழுவுக்கென்று ஒரு மீற்றர் உண்டு. சேமிப்புக் காசில் வாங்கினார்கள். இரவல் கொண்டுபோவதற்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். திகதி, பெயர், பார்த்த பொருள், கண்ட எண். பியூஸை எரித்தால் எரித்தவர் புதிதாக வாங்கி வைக்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. இதுவரை இரண்டு பேர் எரித்திருக்கிறார்கள். மூன்றாவதாக என்னுடைய பெயரையும், நடந்தது வேறு மீற்றரில் என்றாலும், அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

என்னுடைய மஞ்சள் மீற்றர் வீட்டில் அப்பாவின் படத்துக்குக் கீழே உள்ள தட்டில் இருக்கிறது. போன கிழமை வேலை முடிந்து வந்தபோது அதைக் காணவில்லை. அம்மா குசினியில் றைஸ்குக்கரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு, சிவப்பு முனையை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டார்.